உயிரெண் நான்கு

உறையைப் பிரித்த உடனே செண்பகவல்லிக்குத் தெரிந்துவிட்டது, இது எரிகலத்துக்குப் போகப்போகிற விதை என்று. அஞ்சல் பிரிக்கும் நிலையத்தின் உருளைகள் உறையின் நடுவே ஏறி இறங்கியிருந்தன. போதாததற்கு வழியில் எங்கோ மழையிலும் நனைந்திருந்தது. உள்ளே இருந்த மிளகாய் விதைகளில் பெரும்பகுதி நொறுங்கித் தாளோடு ஒட்டிக் கிடந்தது. எண்ணி எடுக்க முடிந்தவை பத்தொன்பது. அவற்றிலும் கீறல் விழாத விதை ஒன்றுகூட இல்லை.

“நெல்லூர்லருந்து என் கொழுந்தியா அனுப்புனது தாயி,” என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அய்யலுச்சாமி. “எங்க வீட்டுல வச்சிருந்த முண்டு வத்தல். நம்ம பக்கம் இப்ப ஒருத்தர்ட்டயும் இல்ல. அவ ஒருத்திதான் நாலு செடி வச்சிருந்தா.”

செண்பகவல்லி கரிசக்கோட்டை விதைப் பரிசோதனை நிலையத்தின் தலைமை ஆய்வாளர். அஞ்சலில் வருகிற எந்த விதையும் அவள் மேசையைத் தாண்டாமல் மண்ணுக்குப் போக முடியாது. பத்தொன்பது விதைகளையும் முளைநோக்கியின் கண்ணாடித் தட்டில் பரப்பி மூடியை அழுத்தினாள். கருவி விதையின் மேல் மெல்லிய ஒளியைப் பாய்ச்சும். உள்ளே எவ்வளவு ஈரம், எவ்வளவு மூச்சு என்று அளக்கும். தன்னிடமிருக்கும் இரண்டு கோடி விதைகளின் பதிவோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைச் சொல்லும். அதற்கு உயிரெண் என்று பெயர். நூறு என்றால் கட்டாயம் முளைக்கும். இருபதுக்குக் கீழே வந்தால் செத்த விதை. அன்று மாலைக்குள் எரித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

திரையில் நான்கு என்று வந்தது.

“ஒரு தடவ ஊனிப் பாக்கக் கூடாதா?” என்று கேட்டார் அய்யலுச்சாமி.

“சட்டத்துல இடமில்ல அண்ணாச்சி.”

எரித்ததற்கான சீட்டைப் பிறகு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த ஊரில் உயிரெண்ணோடு யாரும் வாதாடுவதில்லை. பதினான்கு வருடங்களாகப் புஞ்சைகளில் ஒரு குழிகூட வெறுமையாகக் கிடந்ததில்லை. விதைக்கு வந்த கருவி பிறகு கோழி முட்டைக்கு வந்தது, சினை மாட்டுக்கு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் உயிர்நோக்கி என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. நினைவில்லாமல் கிடப்பவரின் தலையில் பட்டையைக் கட்டி ஆறு நிமிடம் அளப்பார்கள். பதினைந்துக்குக் கீழே வந்தால் குடும்பத்தாரிடம் விடுவிப்புப் படிவம் கொடுப்பார்கள். கையெழுத்தானதும் மூச்சுக்கருவியை நிறுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலில் பாயைப் போட்டுக்கொண்டு, பிழைப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் வெந்து சாவது அதோடு ஒழிந்தது என்று ஊர் நிம்மதிப்பட்டது.

விதைகளை எரிகலத்துக்கு எடுத்துப் போகும்போதுதான் செண்பகவல்லி அதைக் கவனித்தாள். பிளந்த விதை ஒன்றின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. நசுங்கியதில் பிதுங்கிய சதையா, மழையில் நனைந்து புறப்பட்ட முளையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. விதைப் படிப்பில் முதல் வகுப்பில் தேறியவள் அவள். ஆனால் ஒரு விதையைக் கண்ணால் உற்றுப் பார்த்தே எத்தனையோ வருடமாகியிருந்தது. பார்க்கிற வேலையைத்தான் கருவி செய்கிறதே.

வெறும் உறையை எரிகலத்தில் போட்டாள். விதைகளைத் தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் பழைய வேட்டித் துணியை நனைத்து, அதில் விதைகளைச் சுற்றி, டப்பாவை இன்வெர்ட்டர் பெட்டியின் மேல் வைத்தாள். மிளகாய் விதைக்கு இளஞ்சூடு வேண்டும். ஐந்தாம் நாள் துணியில் பூஞ்சை படர்ந்தது. இரண்டு விதை அழுகிப் போயின. மஞ்சள் தண்ணீரில் மற்றதைக் கழுவித் துணியை மாற்றினாள். ஒன்பதாம் நாள் காலையில் துணியைப் பிரித்தபோது மூன்று விதைகளிலிருந்து வெள்ளை வேர் நூல் மாதிரி நீண்டிருந்தது. அந்த வேர்கள் துணிக்குள் ஊடுருவிப் பிடித்திருந்தன. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

பதினான்காம் நாள் எண்ணினாள். பத்தொன்பதில் பதினொன்று.

முதலில் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தாள். மறுநாள் அலுவலகத்தில் அளவுத்திருத்தம் செய்து பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. பழைய பதிவுகளைத் திறந்து இருபதுக்குக் கீழே எண் வந்த விதைகளை மட்டும் தேடினாள். லட்சக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே ‘முளைக்கவில்லை’ என்று இருந்தது. எரித்த விதை எப்படி முளைக்கும்?

எரிக்காமல் முளைக்க வைத்துப் பார்த்த கணக்கு எங்கேயாவது இருந்தாக வேண்டும். தேடிக்கொண்டே போனவள் முதல் வருடத்துப் பதிவேட்டில் வந்து நின்றாள். அதில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, எண் கூடிய விதை ஆயிரம், எண் குறைந்த விதை ஆயிரம், இரண்டையுமே தட்டில் முளைக்கப் போட வேண்டும் என்று உத்தரவு. இருந்த தட்டுகள் முதல் ஆயிரத்துக்கே போதவில்லை. அப்போதிருந்த அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார், “செத்த விதைக்கு எதுக்கும்மா தட்டு? எழுதி விடு.” இரண்டு நாள் உட்கார்ந்து ஆயிரம் வரியிலும் ‘முளைக்கவில்லை’ என்று எழுதினாள் அவள். விரல் வீங்கிப்போனது இப்போதும் நினைவிருக்கிறது. கருவிக்குச் சாவு என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது அந்த ஆயிரம் வரிகள்தான். ஆஸ்பத்திரிக்கு உயிர்நோக்கி வந்தபோது, எண் குறைந்தவற்றைத் தனியாகச் சோதிக்கத் தேவையில்லை என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரமும் அதே பதிவேடு.

மாவட்டத் தலைமைக்குத் தொலைபேசியில் பேசினாள். மறுமுனையில் இருந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “எரிக்க வேண்டியதை எரிக்காம வச்சிருந்தது நீங்க பண்ண தப்பு. அதை எழுத்துல குடுக்கப் போறீங்களா?” என்று மட்டும் கேட்டார். கொடுத்தாள். பதில் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் அய்யலுச்சாமி சீட்டு வாங்க வந்தார். செண்பகவல்லி அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பின்வாசலில் பதினொரு காகிதக் குவளைகளில் மிளகாய்க் கன்றுகள் இரண்டிரண்டு இலையோடு நின்றன.

“நம்ம விதையா தாயி?” அவர் குந்தி உட்கார்ந்து ஒரு கன்றின் தண்டை விரலால் தொட்டார். முகமெல்லாம் மலர்ந்தது. “நாலுன்னு சொன்ன விதையா? ஆத்தாடி, இத அவ பாத்தா…”

சொல்ல வந்தது பாதியில் நின்றது. கன்றைத் தொட்ட விரல் அப்படியே இருந்தது.

“அவளுக்கு ஒம்பது வந்துச்சு,” என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி வெங்கடம்மாள் மூளையில் ரத்தக் கசிவு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும், நான்காம் நாள் இறந்ததும் செண்பகவல்லிக்குத் தெரியும்.

“நாலு வந்தது முளைக்கும்னா ஒம்பது வந்தவ என்ன தாயி?”

“யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. யாரும் ஊனிப் பாக்கல.” பதிவேட்டைப் பற்றிச் சொன்னாள். ஆயிரம் வரியைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது அவர் தன்னை அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவர் அடிக்கவில்லை. முதல் குவளையை எடுத்து, கன்றை வேரோடு பிடுங்கினார். இரண்டாவதைப் பிடுங்கினார். பதினொன்றையும் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார்.

“அண்ணாச்சி!”

“ஒண்ணும் முளைக்கலன்னு எழுதுங்க,” என்றார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே. “டாக்டரு கேட்டாரு, நாந்தான் கையெழுத்துப் போட்டேன். எம் மகன் ரெண்டு நாள் பொறுப்பம்னான். நம்பர் சொன்ன பெறகு எதுக்குடா அவளப் படுத்தணும்னு நாந்தான் சொன்னேன். முளைக்கலன்னு எழுதுங்க தாயி.”

விஷயம் எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. மறுநாளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சண்டை போடத்தான் வருகிறார்கள் என்று செண்பகவல்லி பயந்தாள். யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொருவராக வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சற்று நேரம் எதையாவது பேசிவிட்டு, கடைசியில் தணிந்த குரலில் ஓர் எண்ணைச் சொன்னார்கள். “எங்க அப்பாவுக்கு ஏழு.” “எம் மகளுக்குப் பதிமூணு, மேடம். பைக்ல போய் விழுந்தது.” மருந்துக்கடைக்காரர், உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை, எதிர்வீட்டுப் பெண். சொல்லிவிட்டு எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: செடியெல்லாம் பிடுங்கியாகிவிட்டது அல்லவா? அப்படியென்றால் எதுவும் முளைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?



புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஜெபமணி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புடவையில் அயோடின் கறை. அவள் கணவன் தங்கத்துரை வத்தல் ஏலம் விடும் கமிட்டி மண்டபத்தில் மூட்டை தூக்குகிறவன். லாரி மேல் அடுக்கிய வத்தல் மூட்டையிலிருந்து தலைகுப்புற விழுந்து இன்றோடு மூன்று நாள்.

“ஆறு வந்துருக்கு மேடம். நாலு மணிக்குள்ள கையெழுத்துக் கேக்காக. உங்களப் பாத்துட்டு வந்து போடுதேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த வெதை முளைச்சுது நெசந்தானா?”

“முழுசாக் கேளும்மா. பத்தொம்பதுல எட்டு அழுகிப் போச்சு. அது வெதை. உன் வீட்டுக்காரரு மனுஷன். என்ன ஆகும்னு என்னால…”

“பதினொண்ணு முளைச்சுதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“முளைச்சுது.”

“போதும்,” என்று ஜெபமணி எழுந்தாள்.

செண்பகவல்லியும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெபமணி கையெழுத்துப் போடாத படிவத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மருத்துவர் அதை வாங்கவே இல்லை. நடுத்தர வயது, களைத்த முகம். “எட்டு வருஷத்துல யாருமே போடாம இருந்ததில்லம்மா,” என்றார். “போடலைன்னா நாங்க அடுத்து என்ன செய்யணும்னே எங்களுக்குச் சரியாத் தெரியாது.”

“முன்னால என்ன செஞ்சீக?” என்று கேட்டாள் ஜெபமணி.

“பாத்துக்கிட்டு இருந்தோம்,” என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சில பேரு முழிச்சாங்க,” என்று சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் இருவரையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கரிசக்கோட்டை காத்திருக்க ஆரம்பித்தது. முதல் இரண்டு நாள் ஜெபமணிக்கு அக்கம்பக்கத்திலிருந்து சோறு வந்தது. பிறகு நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் அவள் போய் நின்றால் பேச்சு அடங்கியது. டீக்கடையில், பேருந்தில், ரேஷன் வரிசையில் எல்லோரும் தங்கத்துரையைப் பற்றித்தான் விசாரித்தார்கள். “எப்படி இருக்கானாம்?” என்று கேட்பார்கள். “அப்படியேதான் கெடக்கான்,” என்று பதில் வந்தால் கேட்டவரின் தோள் தளர்ந்து இறங்கும். செண்பகவல்லிக்கு அது புரிய நான்கைந்து நாளானது. இந்த ஊரில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு கையெழுத்துப் போட்டிருக்கிறது. அவன் இறந்துபோனால் அத்தனை கையெழுத்தும் சரி. அவன் கண்ணைத் திறந்தால்? ஊரே ஒரு மனிதன் சாவதற்காகச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் பார்வை நேரம் முடிந்த பிறகு செவிலி ஒருத்தி எதேச்சையாக உள்ளே போனாள். தங்கத்துரையின் மூச்சுக்கருவிக் குழாய் கழன்று தலையணை மேல் கிடந்தது. எச்சரிக்கை மணி அணைக்கப்பட்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் ஒரு நிமிடம் கழித்து வந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாள் அவள். அன்று காலை மட்டும் அவனைப் பார்க்க நாற்பது பேர் வந்து போயிருந்தார்கள். எல்லோருமே தெரிந்த முகங்கள். போலீஸ் வந்து பெயர்களை எழுதிக்கொண்டு போனது. எழுதிய போலீஸ்காரருடைய அம்மாவுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டு வந்திருந்தது.

அதன் பிறகு ஜெபமணி கட்டிலை விட்டு நகரவில்லை. அவள் குளிக்கப் போகும் நேரத்தில் செண்பகவல்லி உட்கார்ந்துகொள்வாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே இருவரும் எழுந்து நின்றுவிடுவார்கள்.

பதினாறாம் நாள் விடிந்து வெயில் ஏறிய நேரம். ஜெபமணி அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் அவள் விரலை மடக்கிப் பிடித்தன. தற்செயலாக இருக்கும் என்று கையை உருவப் பார்த்தாள். விடவில்லை. “அக்கா,” என்று மட்டும் அவளுக்குக் குரல் வந்தது. செண்பகவல்லி ஓடி வந்து பார்த்தபோது தங்கத்துரையின் கண்கள் திறந்திருந்தன. அவை மெதுவாக நகர்ந்து மனைவியின் முகத்தில் வந்து நின்றன.

மருத்துவர் வந்தார். சோதித்தார். நடைபாதைக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அவர் கையால் நிறுத்திய மூச்சுக்கருவிகள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தங்கத்துரையை வேனில் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இடது கால் இழுத்தது, பேச்சு கொஞ்சம் குழறியது, மற்றபடி ஆள் பழைய ஆள்தான். தெரு முழுக்கக் கதவுகள் சாத்தியிருந்தன. பட்டப்பகலில், நல்ல வெயிலில், ஒரு வீடு பாக்கியில்லாமல். “என்னடி, ஊர்ல யாருமில்லையா?” என்று கேட்டான் அவன். உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தமும் தாளிக்கும் வாசனையும் வந்துகொண்டுதான் இருந்தன. ஜெபமணி அவனைத் தாங்கி இறக்கினாள். அடுத்த மாதமே அவர்கள் தூத்துக்குடிக்கு வீடு மாறிப் போனார்கள்.

உயிர்நோக்கியை இனி நிறுத்திவிடுவார்கள், குறைந்தபட்சம் மக்களாவது படிவத்தைத் தொடமாட்டார்கள் என்று செண்பகவல்லி நினைத்திருந்தாள். கார்த்திகை மாதம் ஒரு நாள் மருத்துவரே அவளைக் கூப்பிட்டார். “உங்களுக்குத் தெரிஞ்சவரு ஒருத்தர் வந்திருக்காரு. கொஞ்சம் வர முடியுமா?”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அய்யலுச்சாமி உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய தம்பி குருசாமி. கிணற்றில் மோட்டார் பார்க்க இறங்கி மின்சாரம் தாக்கியவர். உயிரெண் பதினொன்று. படிவம் அய்யலுச்சாமியின் மடியில் இருந்தது.

“போடாதீக அண்ணாச்சி,” என்றாள் செண்பகவல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து. “தங்கத்துரைக்கு ஆறுதான வந்துச்சு. இவருக்குப் பதினொண்ணு. பத்து நாள் பொறுங்க. பத்தே நாள்.”

“நானும் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்,” என்றார் மருத்துவர். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. “கையெழுத்துப் போட வேண்டாம்னு நானே சொல்றேன் ஐயா.”

அய்யலுச்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் குருசாமியின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனவர் இவர்தான் என்பது ஊருக்கே தெரியும்.

“பத்து நாள்ல அவன் முழிச்சிட்டான்னா?” என்று கேட்டார் அவர்.

செண்பகவல்லிக்குக் கேள்வி முதலில் விளங்கவில்லை. “முழிச்சா நல்லதுதான அண்ணாச்சி?”

“முழிச்சிட்டான்னா நான் எப்படித் தாயி உசுரோட இருப்பேன்? வெங்கடம்மாவுக்கு ரெண்டே நாள் பொறுக்காதவன், இவனுக்குப் பத்து நாள் பொறுத்தேன்னா, அவகிட்ட போய் நான் என்ன சொல்லுவேன்?”

மருத்துவர் பேனாவைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டார். அய்யலுச்சாமி அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. தன் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருந்தார். படிவத்தை முழங்கால் மேல் விரித்து, எழுத்துக் கூட்டிப் பெயரைப் போட்டு, அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்தார்.

பிறகு படிவத்தை நீட்டியபடி எழுந்து நின்றார், யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று.